ராவல்பிண்டியில் தங்கிய அணி: தீர்மானிக்கும் உரிமை யாருக்கு?

தேசிய கிரிக்கெட் அணியொன்று அயல்நாட்டுக்குச் சென்று மூன்று ஒருநாள் போட்டிகளில் ஆடிவிட்டுத் திரும்புவது, பொதுவாக விளையாட்டுப் பக்கத்தோடு முடிந்துவிடும் செய்தியாகும். 2025ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இலங்கை அணி பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் ஆடிய மூன்று ஒருநாள் போட்டிகளும் அவ்வாறே மறக்கப்பட்டிருக்கக்கூடும். தொடர் மூன்றுக்குப் பூச்சியம் என்ற கணக்கில் பாகிஸ்தானின் வசமாயிற்று. முதற் போட்டியில் இலங்கை ஆறு ஓட்டங்களால் தோற்றது. இரண்டாவது போட்டியில் பாபர் அசாம் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்பின் பின்னர் சதமடித்தார். மூன்றாவது போட்டி போராட்டம் எதுவுமின்றி முடிந்தது. புள்ளிவிபர ஏடுகளில் இத்தொடருக்குக் கிடைக்கும் இடம் இவ்வளவுதான்.

ஆனால் முதலாவது போட்டிக்கும் இரண்டாவது போட்டிக்கும் இடையில் வந்த நாட்களில், இலங்கை வீரர்கள் தங்கியிருந்த ஹோட்டலில் எழுந்த கேள்வி எந்த ஏட்டிலும் அடங்காதது. ஆபத்து அருகில் வந்தபோது தங்குவதா, திரும்புவதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்பதே அக்கேள்வி. தீவகத்தின் கரம்பொன் போன்றதொரு கிராமத்திலிருந்து நோக்குபவருக்கு இது கிரிக்கெட்டோடு மாத்திரம் நின்றுவிடும் கேள்வியாகத் தோன்றாது. அதற்கான காரணத்தைப் பின்னர் பார்ப்போம். முதலில் நடந்ததை வரிசைப்படுத்துவது அவசியம்.

நவம்பர் 11ஆம் திகதி, முதற் போட்டி நடைபெற்ற அதே நாளில், இஸ்லாமாபாத் நீதிமன்றக் கட்டடத் தொகுதியின் வாயிலருகே தற்கொலைக் குண்டுத் தாக்குதல் நிகழ்ந்தது. 12 பேர் உயிரிழந்தனர். இஸ்லாமாபாத்தும் ராவல்பிண்டியும் ஒட்டியிருக்கும் இரட்டை நகரங்கள். போட்டி அன்று திட்டமிட்டபடி நடந்து முடிந்தது. மறுநாள், வீரர்கள் பலர் பாதுகாப்பு அச்சம் காரணமாக நாடு திரும்ப விரும்புவதாகத் தமக்கு அறிவிக்கப்பட்டுள்ளது என்று ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனமே அறிக்கை வெளியிட்டது. அதே அறிக்கையில், அனைவரும் சுற்றுப்பயணத்தைத் தொடரவேண்டும் என்ற பணிப்புரையும் இருந்தது. அதனை மீறி எவரேனும் திரும்பினால் உடனடியாக மாற்று வீரர்கள் அனுப்பப்படுவர் என்றும், திரும்பியவரின் நடத்தை குறித்து முறையான மீளாய்வு நடத்தப்படும் என்றும் அது கூறியது.

பாகிஸ்தான் கிரிக்கெட் சபையின் தலைவரான மொஹ்சின் நக்வியே அந்நாட்டின் உள்துறை அமைச்சராகவும் இருந்தார். ஆகவே விருந்தளிப்பவரும் காவல் வழங்குபவரும் ஒருவராகவே அமைந்தனர். பாதுகாப்பு பலப்படுத்தப்பட்டது. 13ஆம் திகதிப் போட்டி 14ஆம் திகதிக்கும், 15ஆம் திகதிப் போட்டி 16ஆம் திகதிக்கும் தள்ளிவைக்கப்பட்டன. அணி தங்கியது, ஆடியது, தோற்றது. பாகிஸ்தான் தரப்பு நன்றி தெரிவித்தது. விவகாரம் சுமுகமாக முடிந்துவிட்டதாகவே பலரும் கருதினர். எமது நோக்கில், அது முடிவுக்கு வரவில்லை, ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

நிறுவனத்தின் பணிப்புரையை வெறும் அதிகாரச் செருக்கு என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. அதற்குப் பின்னால் ஏறக்குறைய முப்பது ஆண்டுகால வரலாறு இருக்கிறது. 1996ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி தகர்க்கப்பட்டு, தொண்ணூறு பேரளவில் உயிரிழந்து, ஆயிரத்துக்கும் அதிகமானோர் காயமுற்றபோது, உலகக் கிண்ணப் போட்டிகள் தொடங்க இரண்டு வாரங்களே இருந்தன. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன. அவ்வேளை இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் ஒரே அணியாக இணைந்து, பெப்ரவரி 13ஆம் திகதி கொழும்பில் இலங்கை அணியுடன் ஒரு நட்புப் போட்டியில் ஆடினர். அசாருதீன் தலைமை தாங்கினார். சச்சின் டெண்டுல்கரும் வசிம் அக்ரமும் ஒரே நிறச் சீருடையில் களமிறங்கினர். இன்றைய இந்திய–பாகிஸ்தான் உறவை அறிந்த இளைய வாசகருக்கு இது கற்பனை போலத் தோன்றக்கூடும். ஆயினும் நடந்த உண்மை.

அந்த உலகக் கிண்ணத்தில் கொழும்புக்கு வந்து ஆடிய நாடு சிம்பாப்வே. கண்டிக்கு வந்து ஆடிய நாடு கென்யா. பெரியோர் வர மறுத்த வீட்டுக்குச் சிறியோர் வந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது. மார்ச் 17ஆம் திகதி லாகூர் கடாபி மைதானத்தில், வர மறுத்த அதே அவுஸ்திரேலியாவைத் தோற்கடித்து அர்ஜுன ரணதுங்கவின் அணி கிண்ணத்தை வென்றது. கிண்ணத்தை வழங்கியவர் பாகிஸ்தான் பிரதமர் பெனாசிர் பூட்டோ. இலங்கை கிரிக்கெட்டின் மிகப்பெரிய மகிழ்ச்சி லாகூரில் நிகழ்ந்தது. அதன் மிகப்பெரிய துயரமும் பதின்மூன்று ஆண்டுகளின் பின்னர் அதே நகரில், அதே மைதானத்துக்குச் செல்லும் வழியில் நிகழ்ந்தது.

2008 நவம்பர் மும்பைத் தாக்குதலைத் தொடர்ந்து இந்திய அணி தனது பாகிஸ்தான் பயணத்தை இரத்துச் செய்தது. அந்த வெற்றிடத்தை நிரப்ப இலங்கை முன்வந்தது. 2009 ஜனவரியில் கராச்சியிலும் லாகூரிலும் மூன்று ஒருநாள் போட்டிகள். நாலைந்து நாட்களில் முடிந்த குறுகிய பயணம். அது பாதுகாப்பாக முடிந்தமையே, பெப்ரவரியில் டெஸ்ட் போட்டிகளுக்காக அணி மீண்டும் செல்வதற்கான துணிவைக் கொடுத்தது. மார்ச் 3ஆம் திகதி காலை, இரண்டாவது டெஸ்டின் மூன்றாம் நாள் ஆட்டத்துக்காகச் சென்றுகொண்டிருந்த பஸ்ஸின்மீது துப்பாக்கிதாரிகள் சுட்டனர். இரண்டு டெஸ்ட்களிலும் இரட்டைச் சதமடித்திருந்த திலான் சமரவீர தொடையில் குண்டுபட்டு வீழ்ந்தார். தரங்க பரணவிதான, குமார் சங்கக்கார, மஹேல ஜயவர்தன உள்ளிட்டோர் காயமுற்றனர். முத்தையா முரளிதரனும் அந்த பஸ்ஸிலேயே இருந்தார். சாரதி மெஹர் முகம்மது கலீல் வண்டியை நிறுத்தாது மைதானத்துக்குள் செலுத்தியிராவிட்டால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப்பார்க்கவே இயலாது. எமது வீரர் எவரும் இறக்கவில்லை. இறந்தவர்கள் ஆறு பாகிஸ்தான் பொலிஸாரும் இரண்டு பொதுமக்களுமாவர்.

அன்று எமது வீரர்களைக் காத்து மடிந்தவர்களும், பஸ்ஸைச் செலுத்திக் காத்தவரும் பாகிஸ்தானியர். 2025 நவம்பரில் நீதிமன்ற வாயிலில் இறந்தவர்களும் பாகிஸ்தானியரே. குண்டு வைப்போர் எந்த மார்க்கத்தின் பெயரை உச்சரித்தாலும் அவர்களால் அதிகம் கொல்லப்படுவோர் அந்த மார்க்கத்தைச் சேர்ந்த சாதாரண மக்களே என்பதை இந்நிகழ்வுகள் மீண்டும் மீண்டும் காட்டுகின்றன. இதனை வலியுறுத்தக் காரணமுண்டு. பாகிஸ்தான் தொடர்பான எந்தச் செய்தியையும் வைத்து இந்நாட்டு முஸ்லிம்களின் விசுவாசத்தை அளக்க முற்படுவோர் இருக்கின்றனர். இந்திய அணி ஆடும்போது தமிழரின் முகத்தைப் பார்ப்பவர்களும் அவர்களே. ஒரு வீரர் ராவல்பிண்டியில் அஞ்சினார் என்பது அந்த மக்களை இகழ்ந்ததாகாது. ஒரு முஸ்லிம் இரசிகர் அப்பயணம் தொடரவேண்டும் என விரும்பியதும் நாட்டுப்பற்றின் குறைபாடாகாது. விளையாட்டைப் பற்றிய கருத்து, விளையாட்டைப் பற்றிய கருத்தாகவே மதிக்கப்படவேண்டும்.

லாகூர்த் தாக்குதலுக்குப் பின்னர் பாகிஸ்தான் நெடுங்காலம் தனது சொந்தப் போட்டிகளைப் பெரும்பாலும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் ஆடவேண்டியதாயிற்று. 2015 மே மாதம் முதன்முதலாக அங்கு திரும்பிச் சென்ற டெஸ்ட் நாடு, 1996இல் கொழும்புக்கு வந்த அதே சிம்பாப்வேதான். 2017 ஒக்டோபர் 29ஆம் திகதி, இலங்கை அணி ஒரேயொரு இருபது ஓவர் போட்டிக்காக லாகூர் சென்றது. தலைவராக இருந்த உபுல் தரங்க செல்லவில்லை. திசர பெரேரா தலைமை தாங்கினார். அதன்பின் வந்தது 2019. கராச்சியில் மூன்று ஒருநாள் போட்டிகளும் லாகூரில் மூன்று இருபது ஓவர் போட்டிகளும் திட்டமிடப்பட்டபோது, பாதுகாப்பு ஏற்பாடுகள் வீரர்களுக்கு விளக்கப்பட்டு, செல்வதா இல்லையா என்ற தெரிவு அவர்களிடமே விடப்பட்டது. லசித் மாலிங்க, திமுத் கருணாரத்ன, அஞ்சலோ மத்யூஸ் உட்படப் பத்துப் பேர் செல்ல மறுத்தனர்.

அதனால் பயணம் குலைந்துவிட்டதா? இல்லை. லஹிரு திரிமான்னவும் தசுன் ஷானகவும் தலைமை தாங்க, இரண்டாம் நிலை அணி என்று எள்ளப்பட்ட அணியே சென்றது. ஒருநாள் தொடரை இழந்தபோதிலும், இருபது ஓவர் தரவரிசையில் அப்போது முதலிடத்தில் இருந்த பாகிஸ்தானை அதன் சொந்த மண்ணில் மூன்றுக்குப் பூச்சியம் என்று வென்றது. பானுக ராஜபக்ஷவும் ஓஷத பெர்னாண்டோவும் அத்தொடரில்தான் தம்மை வெளிக்காட்டினர். அதே ஆண்டு டிசம்பரில், பத்தாண்டுகளின் பின்னர் பாகிஸ்தான் மண்ணில் டெஸ்ட் கிரிக்கெட் மீண்டும் தொடங்கியபோது அங்கு ஆடியதும் இலங்கையே. செல்ல மறுத்திருந்த கருணாரத்னவே அந்த டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கினார். வற்புறுத்தப்படாதவர் தாமாகவே சென்றார் என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

2019இன் அனுபவம் இவ்வளவு தெளிவான பாடத்தைத் தந்திருக்க, 2025இல் நாம் ஏன் பின்னோக்கி நடந்தோம் என்பதே எமது வினா. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு என்று நிறுவனம் கூறலாம். முன்னையது புறப்படுவதற்கு முன் வழங்கப்பட்ட தெரிவு. பின்னையது நடுவழியில் எழுந்த அச்சம். தொடர் ஒன்று தொடங்கிய பின்னர் வீரர்கள் திரும்பினால் விருந்தளிக்கும் நாட்டுக்கு நட்டமும் அவமானமும் ஏற்படும் என்பது உண்மையே. ஆனால் நடுவழியிலும் தெரிவை வழங்கிய முன்னுதாரணம் இலங்கை மண்ணிலேயே இருக்கிறது. 1992 நவம்பரில் கொழும்பில் நியூஸிலாந்து அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கு அருகே கடற்படைத் தளபதி கிளான்சி பெர்னாண்டோ தற்கொலைத் தாக்குதலில் கொல்லப்பட்டார். நியூஸிலாந்து வீரர்கள் ஐவரும் பயிற்றுநரும் நாடு திரும்பினர், எஞ்சியோர் தங்கினர், மாற்று வீரர்கள் வந்து சேர்ந்தனர், தொடர் நடைபெற்றது. சென்றவரும் இருந்தவரும் தத்தமது மனச்சாட்சியின்படியே நடந்தனர்.

மறுபுறத்தில், அச்சம் என்ற சொல் எல்லா நாடுகளுக்கும் ஒரே அளவுகோலால் அளக்கப்படுவதில்லை என்ற பாகிஸ்தானியரின் மனக்குறையையும் ஒதுக்கிவிட முடியாது. 1996இல் கொழும்புக்கு வர மறுத்த அவுஸ்திரேலியா, 2005 ஜூலை 7ஆம் திகதி லண்டன் நகரின் சுரங்க ரயில்களிலும் பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் அதிகமானோர் இறந்த அதே நாளில், லீட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்துடன் ஒருநாள் போட்டியில் ஆடியது. தொடர்ந்து ஐந்து டெஸ்ட் போட்டிகளையும் ஆடிமுடித்தே நாடு திரும்பியது. 2021 செப்டெம்பர் 17ஆம் திகதி நியூஸிலாந்து அணி ராவல்பிண்டியில் முதலாவது ஒருநாள் போட்டி தொடங்கவிருந்த வேளையில் தொடரையே கைவிட்டது. அதனைத் தொடர்ந்து இங்கிலாந்தும் தனது பயணத்தை இரத்துச் செய்தது. 2025 நவம்பர் 10ஆம் திகதி, இஸ்லாமாபாத் தாக்குதலுக்கு முதல்நாள், டெல்லி செங்கோட்டை அருகே குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். நான்கு நாட்களின் பின்னர் தென்னாபிரிக்கா கொல்கத்தாவில் திட்டமிட்டபடி டெஸ்ட் ஆடத் தொடங்கியது. டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் இடையிலான தூரம் அதிகம் என்பது உண்மைதான். ஆயினும் தூரம் மாத்திரமே காரணமா என்று ராவல்பிண்டியில் ஒருவர் கேட்டால், விடை கூறுவது எளிதன்று.

இரண்டு நியாயங்களையும் ஒருங்கே காட்டும் நிகழ்வொன்று உண்டு. 2019 மார்ச் 15ஆம் திகதி நியூஸிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரில் ஜும்ஆத் தொழுகைக்காகச் சென்ற பங்களாதேஷ் வீரர்கள், அந்-நூர் பள்ளிவாசலில் படுகொலை நடந்துகொண்டிருந்த வேளையில் அதன் அருகே வந்து சேர்ந்தனர். சில நிமிடங்கள் முன்னதாக வந்திருந்தால் அவர்கள் உள்ளே இருந்திருப்பர். தொடரின் எஞ்சிய டெஸ்ட் உடனடியாகக் கைவிடப்பட்டது. அவர்கள் வீடு திரும்பினர். எவரும் அவர்களைக் கோழைகள் என்று கூறவில்லை. நடத்தை மீளாய்வும் நடத்தப்படவில்லை. அடுத்த மாதம் ஏப்ரல் 21ஆம் திகதி இலங்கையில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள் நிகழ்ந்தன. அவற்றின் பின்னர் இந்நாட்டு முஸ்லிம்கள் பட்ட துன்பம் வாசகர் அறிந்ததே. அந்தச் சூழலில், ஜூலை மாதம் மூன்று ஒருநாள் போட்டிகளுக்காகக் கொழும்புக்கு வந்தது பங்களாதேஷ் அணி. மார்ச்சில் திரும்பிச் செல்ல அனுமதிக்கப்பட்டவர்களே ஜூலையில் இங்கு வந்தனர். அச்சத்துக்கு மதிப்பளிப்பது துணிவைக் கொன்றுவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இனிக் கரம்பொன்னுக்கு வருவோம். தனிநாயகம் அடிகள் பிறந்த இந்தக் கிராமத்தில், ஊர்காவற்றுறை வீதியின் இருமருங்கிலும், ஆளில்லாது பூட்டிக்கிடக்கும் வீடுகளையும் கூரையிழந்து நிற்கும் சுவர்களையும் இன்றும் காணலாம். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தில் நடந்த படை நடவடிக்கைகளின்போது வெளியேறியவர்களில் பலர் திரும்பவேயில்லை. கனடாவிலும் பிரான்ஸிலும் சுவிற்சர்லாந்திலும் அவர்களது பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர். இருப்பதா, போவதா என்ற கேள்வி எமக்குப் பத்திரிகைச் செய்தியாக வந்ததில்லை. வாசற்படியில் வந்து நின்றது.

அக்கேள்விக்கு எமது மக்கள் தாமே விடை கூறிய சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின்னர், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, வலிகாமத் தமிழர்கள் ஓரிரவில் தமது வீடுகளைவிட்டுப் புறப்படும்படி பணிக்கப்பட்டனர். 2009இன் முதல் மாதங்களில், லாகூரில் பஸ் சுடப்பட்ட அதே நாட்களில், வன்னியின் ஒடுங்கிய நிலத்துண்டில் இலட்சக்கணக்கானோர் ஒருபுறம் இராணுவத்தின் எறிகணைகளுக்கும் மறுபுறம் வெளியேற விடாது தடுத்த புலிகளுக்கும் இடையில் சிக்கிக் கிடந்தனர். போ என்றவர்களும் இருந்தனர். இரு என்றவர்களும் இருந்தனர். இனத்தின் நன்மை, போரின் தேவை, நாட்டின் கௌரவம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் கூறினர். உயிரை வைத்திருந்தவரிடம் மாத்திரம் எவரும் கேட்கவில்லை.

அந்தப் பெருந்துயரையும் பணமும் புகழும் உள்ள கிரிக்கெட் வீரர்களின் சில நாள் அச்சத்தையும் ஒரே தராசில் வைக்க நாம் முற்படவில்லை. அளவில் அவை ஒப்பிடவே முடியாதவை. ஆனால் நெறி ஒன்றுதான். ஒருவருடைய உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தை, தூரத்தில் பாதுகாப்பாக இருக்கும் இன்னொருவர் அவருக்காக ஏற்றுக்கொள்ளக்கூடாது. கொழும்பில் இருந்து பணிப்புரையில் ஒப்பமிட்டவர்கள் ராவல்பிண்டி ஹோட்டலில் தங்கியிருக்கவில்லை. பாகிஸ்தானுக்கு இலங்கை நன்றிக்கடன் பட்டிருப்பது மெய். அந்தக் கடன் நாட்டுடையது. உயிர் வீரனுடையது. நாட்டின் கடனை நாடு தனது பொருளாலும் உறவாலும் தீர்க்கவேண்டும். தனிமனிதரின் அச்சத்தை மீளாய்வு என்ற மிரட்டலால் அடக்கித் தீர்க்கலாகாது.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. குண்டு வெடித்தவுடன் விருந்தினர் ஓடிவிட்டால், குண்டு வைத்தவன் வென்றுவிடுகிறான். அடுத்த விருந்தினரையும் விரட்ட அவன் மீண்டும் வைப்பான் என்பதே அது. 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதலால் ஒருநாள் தொடரை இடைநிறுத்தி நாடு திரும்பிய இங்கிலாந்து அணி, மீண்டும் வந்து சென்னை சேப்பாக்கத்தில் டெஸ்ட் ஆடியபோது, டெண்டுல்கரின் வெற்றிச் சதம் மும்பை மக்களுக்கு அளித்த ஆறுதலைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். இந்த வாதத்தை நாமும் ஏற்கிறோம். ஆனால் அங்கும் இங்கிலாந்து வீரர்கள் முதலில் தமது வீடுகளுக்குச் சென்று, குடும்பத்தாரோடு பேசி, பாதுகாப்பு ஏற்பாடுகளைக் கேட்டறிந்து, அதன் பின்னரே திரும்பினர். பயங்கரவாதத்துக்கு எதிரான துணிவு என்பது துணிந்தவரின் உடைமை. கட்டளையால் பெறப்பட்ட துணிவைக் காட்டி உலகுக்கு எதனையும் நிரூபிக்க இயலாது.

ஆகவே செய்யவேண்டியவை எவை? முதலாவதாக, ஆபத்து மிகுந்த பயணங்களுக்கான நெறிமுறை வீரர்களின் ஒப்பந்தத்திலேயே எழுதப்படவேண்டும். தாக்குதல் ஒன்று நிகழ்ந்தால் ஆட்டம் எத்தனை நாள் நிறுத்தப்படும், யார் மதிப்பீடு செய்வார், அந்த மதிப்பீடு வீரர்களுக்கு எவ்வாறு தெரிவிக்கப்படும் என்பன முன்கூட்டியே தெரிந்திருக்கவேண்டும். குண்டு வெடித்த பின்னர் இரவோடிரவாக அறிக்கை தயாரிப்பது நெறிமுறையாகாது. இரண்டாவதாக, பாதுகாப்பு மதிப்பீட்டைப் போட்டியை நடத்துபவரும் அதனால் வருமானம் பெறுபவரும் மாத்திரம் செய்யலாகாது. இருதரப்புத் தொடர்களில் இப்பொறுப்பு இரண்டு சபைகளின் கைகளிலேயே இருக்கிறது. சர்வதேச கிரிக்கெட் பேரவை இதில் சுயாதீன மதிப்பீட்டாளர்களை ஈடுபடுத்த முன்வரவேண்டும்.

மூன்றாவதாக, திரும்ப விரும்புபவர் தண்டனையோ அடுத்த தெரிவில் புறக்கணிப்போ இன்றித் திரும்பும் உரிமை வேண்டும். புறப்படும்போதே மாற்று வீரர்களின் பட்டியல் தயாராக இருந்தால் தொடர் குலையாது. 2019 அதனைக் காட்டிவிட்டது. நான்காவதாக, வீரர்களைப் பற்றிப் பேசும்போது நாம் மறந்துவிடும் உதவியாளர்கள், உடற்பயிற்சியாளர்கள், பொதிகளைப் பொறுப்பேற்பவர்கள் ஆகியோருக்கும் இதே உரிமை உண்டு. நட்சத்திர வீரர் ஒருவர் மறுத்துப் பேசினால் செய்தியாகும். சம்பளத்துக்குப் பணிபுரியும் உதவியாளர் மறுத்துப் பேசினால் வேலை போகும்.

இறுதியாக ஒரு விடயம். விருந்தினரின் பாதுகாப்பு வேறு, வீட்டாரின் பாதுகாப்பு வேறு என்பதை இப்பயணங்கள் அனைத்தும் காட்டுகின்றன. வெளிநாட்டு அணி செல்லும் வீதி மூடப்படும், ஹெலிகொப்டர் வட்டமிடும், கூரைகளில் துப்பாக்கி ஏந்தியோர் நிற்பர். அந்த மூடிய வீதிக்கு அப்பால், வழக்குக்காக நீதிமன்றம் வந்த ஏழை மனிதருக்குக் காவல் இராது. மூன்று ஒருநாள் போட்டிகள் பாதுகாப்பாக நடந்து முடிந்தன என்பதை, நாடு பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்கான சான்றிதழாக எந்த அரசும் காட்டக்கூடாது. போர்க்காலத்தில் கொழும்பில் சர்வதேசப் போட்டிகள் நடந்துகொண்டிருந்தபோது வடக்கும் கிழக்கும் எவ்வாறு இருந்தன என்பதை நாம் அறிவோம்.

இதனை நாம் வலியுறுத்த உள்ளூர்க் காரணமும் உண்டு. கரம்பொன்னிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வழியில், பண்ணைப் பாலத்தை அடையும் முன்னர் வருவது மண்டைதீவு. அங்கு சர்வதேசத் தரத்திலான கிரிக்கெட் மைதானம் ஒன்றுக்கு ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி அடிக்கல் நாட்டினார். எமது பிள்ளைகள் தமது மண்ணிலேயே பெரிய போட்டிகளைக் காணும் நாள் வரவேண்டும் என்பதில் எமக்கு மாற்றுக்கருத்து இல்லை. அதேவேளை, அந்தச் சதுப்பு நிலத்தைக் குறித்துச் சூழலியலாளர் எழுப்பும் கேள்விகளும், 1990இல் காணாமற்போன தம் உறவுகளைக் குறித்து மண்டைதீவுக் குடும்பங்கள் இன்னமும் எழுப்பும் கேள்விகளும் விடையின்றி இருக்கின்றன. மைதானத்தின் மின்விளக்குகள் ஒளிர்வதால் மாத்திரம் அக்கேள்விகள் மறைந்துவிடப் போவதில்லை.

என்றோ ஒருநாள் வெளிநாட்டு அணியொன்று பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுக்கு வரும். அது பாகிஸ்தானாக இருக்கலாம், சிம்பாப்வேயாகவும் இருக்கலாம். அந்த வீரர்கள் தமது சபை மிரட்டியதால் வந்தவர்களாக இருக்கலாகாது. இங்குள்ள மக்கள் அச்சமின்றி வாழ்வதைக் கண்டு, தாமே விரும்பி வந்தவர்களாக இருக்கவேண்டும். எமது வாசலுக்கு வரும் விருந்தினருக்கு நாம் விரும்பும் அதே சுதந்திரத்தை, அயலார் வாசலுக்குச் செல்லும் எமது வீரர்களுக்கும் வழங்குவதே நேர்மையாகும். அடுத்த குறுகிய பயணத்துக்கான விமானம் புறப்படும் முன்னராவது, ஸ்ரீலங்கா கிரிக்கெட் நிறுவனம் இதனை எழுத்தில் உறுதிப்படுத்தவேண்டும் என்பதே எமது எதிர்பார்ப்பாகும்.